ஒரு கட்டம், ஒரு டெஸ்ட்

எங்கள் பீரோவின் இடது கதவைத் திறந்தால் உள்பக்கம் அப்போதெல்லாம் ஒரு கிராஃப் தாள் ஒட்டியிருக்கும். நான்கு மூலையிலும் செல்லோடேப். அதில் ஏழாவது புள்ளியை நான் வைத்த காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தை மாதம். வெளியே பனி. பீரோவுக்குள்ளிருந்து அந்துருண்டை வாசனை. என் கணவர் செல்வராசு காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இன்னா டீச்சரு, எப்டி போவுது ரூட்டு?"

"நேரா போவுதுங்க. ஸ்கேல் வச்ச மாதிரி."

"அப்ப பிரேக்குல காலு வெக்க வேணாம்" என்று சிரித்துவிட்டு முதல் டிரிப்புக்குக் கிளம்பிப் போனார்.

அவர் தனியார் பஸ் டிரைவர். செஞ்சியிலிருந்து திண்டிவனம், திண்டிவனத்திலிருந்து செஞ்சி, நாள் முழுக்க இதே வேலை. நான் பக்கத்துக் கிராமத்தில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு டீச்சர். தாளில் இருந்தது அவருடைய ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற சங்கதியின் அளவு. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் அது குறைவாக இருக்கும். சிறுநீரகம் கெடக் கெட அது ஏறும். அவருக்குச் சர்க்கரையும் இருந்தது, பிரஷரும் இருந்தது. சிறுநீரகம் கொஞ்சம் அடி வாங்கியிருக்கிறது, கவனமாக இருந்தால் பல வருஷம் ஓட்டலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பல வருஷத்துக்குக் காவலாகத்தான் நான் அந்தத் தாளை ஒட்டினேன்.

இதுவரை இந்தப் பத்திரிகைப் பக்கங்களில் உங்களைச் சிரிக்க வைக்கவே பார்த்திருக்கிறேன். இந்த வாரம் அது முடியாது. எழுதாமல் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, இனித் தள்ள இடமில்லாமல் எழுதுகிறேன்.

அனந்தபுரத்துக்கும் பனமலைக்கும் நடுவில்

புள்ளியியல் பாடம் என்றால் எனக்கு உயிர். மற்ற பள்ளிக் கணக்கு வாத்தியார்கள் அதைக் கடைசியில் வைத்துக்கொண்டு, 'சும்மா மார்க் வரும் பாடம்' என்று ரெண்டு நாளில் முடித்துவிடுவார்கள். நான் ஜூன் மாதத்திலேயே அதில்தான் ஆரம்பிப்பேன். இயற்கணிதம் என்றால் நடுங்கும் பிள்ளைகூட எண்ணுவதற்குப் பயப்படாது.

ஒரு வருஷம் வகுப்பில் யார் யார் எந்த ஊர் என்று எண்ணிப் படம் போடச் சொன்னேன். சங்கீதா என்று ஒரு பெண். மேல்சித்தாமூர், அனந்தபுரம், பனமலை என்று கீழே ஊர்ப் பெயர்களை எழுதி, மேலே புள்ளி புள்ளியாக வைத்து, எல்லாவற்றையும் கோடு போட்டு இணைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா, இது ஊர்ப் பேரு. பேருக்குத் தனித்தனியா பட்டைதான் போடணும். அனந்தபுரத்துக்கும் பனமலைக்கும் நடுவுல கோடு இழுத்திருக்கியே, அந்த நடுவுல இன்னா இருக்குது?"

"எங்க மாமா வூடு இருக்குது டீச்சர்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். "கரெக்டா தானே சொல்லியிருக்குது அந்தப் பொண்ணு! ரோடுன்னா நடுவுல வூடு இல்லாமலா இருக்கும்?" என்றார். பஸ் ஓட்டுகிறவருக்கு எல்லாமே ரோடுதான்.

பிள்ளைகளிடம் நான் சொல்வது இவ்வளவுதான். பென்சிலைத் தொடுவதற்கு முன், கையில் இருப்பது எந்த மாதிரித் தரவு என்று பார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. நம் செஞ்சிக் கோட்டையின் மூன்று மலை. இவை பெயர்கள். எதை முதலில் எழுதினாலும் குற்றமில்லை. பெயருக்கு இடைவெளி விட்டுத் தனித்தனிப் பட்டை போடு. மொத்தத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று காட்டவேண்டுமா, வட்டம் போட்டுக் கூறு போடு. வீட்டில் எத்தனை பிள்ளை என்பது எண்ணுகிற விஷயம். ரெண்டு இருக்கும், மூணு இருக்கும், ரெண்டரை இருக்காது. அதற்கும் பட்டைதான். உயரம், எடை, காய்ச்சல் சூடு எல்லாம் அளக்கிற விஷயம். எந்த ரெண்டு அளவுக்கும் நடுவில் இன்னொரு அளவு உண்டு. அதனால் அங்கே செவ்வகங்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கவேண்டும்.

இன்னொரு வகையும் இருக்கிறது. வரிசை உண்டு, தூரம் கிடையாது. வலியைக் கேட்டால் லேசு, சுமார், ஜாஸ்தி என்கிறோமே, அது. லேசுக்கும் சுமாருக்கும் உள்ள தூரம்தான் சுமாருக்கும் ஜாஸ்திக்கும் என்று எவனாலும் சொல்ல முடியாது. என் கணவர் ரெண்டு வருஷமாக எதைக் கேட்டாலும் 'சுமார்' என்றுதான் சொன்னார். நானும் அதை ஒரே இடத்தில் நிற்கிற வலி என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியாகக் காலம். காலமும் அளக்கிற விஷயம்தான். "நம்ம இஷ்டத்துக்கு அத இழுக்கவும் கூடாது, மடக்கவும் கூடாது" என்று மேசையைத் தட்டிச் சொல்வேன். ஒரு வருஷத்துக்கும் ஒரு மாதத்துக்கும் ஒரே அகலம் கொடுத்திருந்தால், விடைத்தாளில் சிவப்பு மையால் 'அளவுத்திட்டம் தவறு' என்று எழுதி மார்க்கைக் குறைப்பேன். கெஞ்சினாலும் திருப்பிப் போடமாட்டேன். அவ்வளவு கறார்.

இடது கால்

மூன்றாவது டெஸ்ட் எடுத்த கொஞ்ச நாளில் அவருக்கு இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. கிளட்ச் மிதிக்கிற கால். பழைய வண்டி, கிளட்ச் கல்லாட்டம் இருக்கும். ராத்திரி வந்து கட்டிலில் காலை நீட்டினால் மடக்கவே முடியாது. தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. கூட வேலை செய்யும் டிரைவர் ஒருவர் ஒரு வலி மாத்திரையின் பெயரைச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு பக்கம் மெடிக்கலில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைத்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

"டீச்சரு, காலு புதுசா மாத்தின மாதிரி இருக்குது!" என்று மறுநாளே வாசலில் நடந்து காட்டினார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

நாலாவது டெஸ்டில் அளவு ஏறியிருந்தது. முன்பும் ஏறியதுதான், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய பாயிண்ட் ஐந்து. முதல் மூன்று டெஸ்டும் வருஷத்துக்கு ஒன்றாக எடுத்தவை. நாலாவதை எனக்கு மனசு கேட்காமல் ஐந்தே மாதத்தில் எடுத்தோம். அப்புறம் இன்னும் பயம் வந்து மூன்று மாதத்தில் ஒன்று. பிறகு ரெண்டு மாதத்தில் ஒன்று. தையில் வைத்த அந்த ஏழாவது, ஒரே மாதத்தில்.

ஏழையும் நான் ஒரு டெஸ்டுக்கு ஒரு கட்டம் என்று வரிசையாக வைத்தேன். தேதி எழுதாமல் இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே பொடிப்பொடி எழுத்தில் செங்குத்தாகத் தேதி இருந்தது. வருஷத்துக்கும் ஒரு கட்டம், மாதத்துக்கும் ஒரு கட்டம். நாட்களை அளக்காமல், டெஸ்டை ஊர்ப் பெயர் மாதிரி வரிசையில் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு முறையும் அதே பாயிண்ட் ஐந்து ஏறியதால் கோடு நேராக, சாதுவாகப் போயிற்று.

பயம் கூடியதால்தான் அடிக்கடி டெஸ்ட் எடுத்தோம். அடிக்கடி எடுத்ததால்தான் கோடு பயமில்லாத கோடாகத் தெரிந்தது. இதை இன்றைக்கு எழுதும்போதும் எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

தாளின் உச்சியில் சிவப்பில் ஒரு கோடு போட்டிருந்தேன். எங்கள் ஊர் டாக்டர் ஒரு பேச்சுக்கு ஓர் எண்ணைச் சொல்லி, 'அங்க போனா ரத்தத்தச் சுத்தம் பண்ண மெஷின் வைக்க வேண்டி வரும்' என்றிருந்தார். அந்த எண்தான் சிவப்புக் கோடு. ஏழாவது புள்ளியிலிருந்து கோட்டை அதே சரிவில் நீட்டி, அது சிவப்பைத் தொடும் வரை எண்ணினேன். இன்னும் ஏழு கட்டம் இருந்தது. முதல் கட்டங்கள் வருஷத்துக்கு ஒன்றாக இருந்தவை ஆயிற்றே, மனசு ஏழையும் வருஷமாகவே எடுத்துக்கொண்டது. அதற்குள் மகள் படித்து முடிப்பாள், கல்யாணம் முடியும், அவரும் வண்டியை விட்டு இறங்கிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். பதினெட்டு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் போட்ட கணக்கு அது.

அந்த மாதமே டாக்டர், "பாண்டிக்குப் போய் ஸ்பெஷலிஸ்டுகிட்ட காட்டிடுங்க டீச்சர்" என்றார். பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கு ஒரே கணக்கு டீச்சர் நான். காலையும் மாலையும் ஸ்பெஷல் கிளாஸ். செல்போனில் எடுத்து வைத்திருந்த தாளின் படத்தை நீட்டினேன்.

"சார், ஒரே சீராதான் சார் ஏறுது. நீங்களே பாருங்க. பரீட்சை முடிஞ்சதும் கூட்டினு போறேன்."

வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஆமா, சீராத்தான் போகுது. சரி, ஆனா விட்டுடாதீங்க. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

"இல்ல சார்" என்றேன். நான்தான் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. சர்க்கரை மாத்திரை மாத்திரை, பிரஷர் மாத்திரை மாத்திரை. கால் வலிக்குப் போடுவதை எங்கள் வீட்டில் தைலத்தோடு சேர்த்துத்தான் வைத்திருந்தோம், ஒரே டப்பாவில்.

அப்புறம் மூன்று மாதம் டெஸ்டே எடுக்கவில்லை. அந்த மூன்று மாதத்துக்கு என் தாளில் இடமே கிடையாது. டெஸ்ட் இல்லையென்றால் கட்டமும் இல்லை. தினமும் கதவைத் திறந்தோம். ஏழு புள்ளியும் அப்படியே இருந்தன.

பாண்டிச்சேரி

சித்திரையில் ஒரு மத்தியானம் கண்டக்டர் அவரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். வழியெல்லாம் வாந்தி. பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. "சுமார்தான், சும்மா ஆட்டோ புடிச்சிட்டாரு" என்று அப்போதும் சொன்னார்.

மறுநாள் பாண்டி. ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் ஒரு பெண்மணி, என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருக்கும். காலையில் எடுத்த ரத்தத்தில் அளவு சிவப்புக் கோட்டை நெருங்கிவிட்டிருந்தது. பீரோ கதவிலிருந்து பிய்த்துக்கொண்டு போன தாளை நான் அவர் மேசையில் விரித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதுகூட எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"நீங்க வரைஞ்சதா மேடம்? நீட்டா இருக்கு" என்றார். பிறகு விரலை ரெண்டாவது, மூன்றாவது புள்ளிகளின் மேல் வைத்தார். "இதுக்கும் இதுக்கும் எவ்வளவு நாள்?"

"ஒரு வருஷம்."

விரல் கடைசி ரெண்டு புள்ளிக்குப் போனது. "இதுக்கும் இதுக்கும்?"

"ஒரு மா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டேன். அதற்குமேல் யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. என் தொழில் அது.

நானே பேனாவைக் கேட்டு வாங்கி, ஃபைலின் பின்பக்கத்தில் மாதத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்துத் திருப்பி வரைந்தேன். முதல் மூன்று புள்ளிகளும் தரையோடு தரையாக வெகுதூரம் போயின. மூன்றாவதற்குப் பிறகு கோடு செங்குத்தாக ஏறியது.

டாக்டர் அந்த மூலையைத் தொட்டார். "இங்க என்ன ஆச்சு? புதுசா ஏதாவது மருந்து சாப்பிட்டாரா?"

நான் பேனாவுக்கு மூடி போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர்தான் சொன்னார். "காலு வலிக்கு ஒரு மாத்திர மேடம்."

எவ்வளவு நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று டாக்டர் கேட்டுக்கொண்டார். அந்த மாத்திரை ஏற்கெனவே நொந்த சிறுநீரகத்தைப் போட்டு அடித்துவிடும், நாலாவது ஐந்தாவது டெஸ்டிலேயே நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும், இப்போது தாமதமாகிவிட்டது என்றார். குரலை உயர்த்தவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சரியாக வரைந்திருந்தால் நாலாவது புள்ளியிலேயே தெரிந்திருக்கும். ஐந்தாவதில் எந்தக் குருடனுக்கும் தெரிந்திருக்கும். 'மூணாவதுக்கு அப்புறம் இன்னா மாத்தினோம்?' என்று ஒரு கேள்வி வந்திருக்கும். மாத்திரை நின்றிருக்கும். அவர் இருந்திருப்பார். இதை எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறேன்.

கயல்

எங்கள் ஒரே மகள் கயல்விழி அப்போது சென்னையில் பார்மசி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். மருந்தைப் பற்றியே படிக்கிற பெண். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் முதல் நாளே 'தூக்கிப் போடுங்க அதை' என்றிருப்பாள். படிக்கிற பிள்ளையை டென்ஷன் படுத்த வேண்டாம் என்று கால் வலியைக்கூடச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவள் பாண்டிக்கு வந்துகொண்டிருந்தாள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் கையில் ஊசி ஏற்றிக் கட்டுப் போட்டிருந்தது. மெதுவாகச் சொன்னார்.

"டீச்சரு, மாத்திர சங்கதி கேப்பா. நானே வாங்கித் தின்னேன், உனக்குத் தெரியாதுன்னு சொல்லிடறேன். நீ வாயத் தொறக்காத."

"இன்னாங்க பேச்சு இது?"

"எம்மேல கோவம்னா நாலு நாள்ல வந்துடுவா. உம்மேல கோவம்னா வர மாட்டா. எனக்கு அப்புறம் உனக்கு யாரு இருக்காங்க? சொன்னதக் கேளு."

கேட்டேன். சொன்னதைக் கேட்டேன் என்பதும் பொய். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

கயல் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டதும் அந்த வராந்தாவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "நைனா, உனக்கு அறிவு இருக்குதா? நான் இன்னா படிக்கிறேன்னு தெரியுமா உனக்கு? அம்மாகிட்டயாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" அவர் தலையைக் குனிந்துகொண்டு, திருட்டு மாங்காய் அடித்தவர் மாதிரி சிரித்தார். நான் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

அவர் சொன்னபடி நாலு நாளில் அவள் சமாதானமாகி வரவில்லை. டயாலிசிஸ் ஒன்றரை வருஷம் ஓடியது. வாரம் ரெண்டு தடவை செஞ்சியிலிருந்து பாண்டிக்கு பஸ். தெரிந்த டிரைவர்கள் முன்சீட்டைக் காலியாக வைத்திருப்பார்கள். கியர் மாற்றுகிற சத்தம் கேட்டால் அவருடைய இடது கால் தானாக அழுந்தும். அந்த ஒன்றரை வருஷத்தில் கயல் வந்தது மூன்று முறை. வந்தாலும் ரிப்போர்ட்டைப் படிப்பாள், அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அவர் போவதற்கு ஒரு வாரம் முன்னால் போனில் பேசினாள். கை நடுங்குவதால் அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"கயலு, உடம்பு முடியலமா. ஒரு தடவ வந்துட்டுப் போயேன்."

"வரேன் நைனா. பரீட்ச இருக்குது. நீயா தேடிக்கிட்டது தானே, நான் வந்து இன்னா பண்ணப் போறேன்?"

அவர் சிரித்துக்கொண்டே, "ஆமா, ஆமா, நானா தேடினதுதான். நீ நல்லா எழுது" என்றார். என்னைப் பார்த்துக் கண்ணால் 'வேண்டாம்' என்று ஜாடை காட்டினார். ஸ்பீக்கர் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். நான் அவருடைய வேட்டியை நாலாக மடித்து, அதைப் பிரித்து, மறுபடியும் நாலாக மடித்தேன்.

கிராஃப் தப்பு தெரியாமல் செய்தது. அதற்காவது எங்கேயாவது மன்னிப்பு இருக்கலாம். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தது தெரிந்தே செய்தது. பரீட்சை முடித்துக் கயல் வந்தபோது அவர் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். அவள் அழவில்லை. இன்றுவரை நைனா பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறாள்.

கயல், இந்தப் பத்திரிகை உன் ஆஸ்டலுக்கு வருகிறது, வாரா வாரம் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நேரில் சொல்லத் துணிச்சல் இல்லாததால் ஊர் அறிய எழுதுகிறேன். உன் நைனா அந்த மாத்திரையை ஒரு நாள்கூட வாங்கவில்லை. பள்ளி விட்டு வரும் வழியில் மெடிக்கலில் நின்று நான்தான் வாங்கினேன். அட்டை தீரும் முன்னாலேயே அடுத்த அட்டை வாங்கினேன். "போதும் டீச்சரு, வயிறு எரியுது" என்று அவர் ரெண்டு தடவை சொன்னார். நான்தான் சோற்றுக்கு அப்புறம் கையில் வைத்து, விழுங்குகிற வரைக்கும் நின்று பார்த்தேன்.